ஆறு வாரம்

புஷ்பவள்ளிக்குக் கர்ப்பப்பையை எடுக்கத் தேதி கொடுத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்ட அன்று ராஜம்மா இரண்டு வேளை சாப்பிடவில்லை. தம்பி பெண்டாட்டிக்கு இப்படி ஆகிவிட்டதே என்ற துக்கம் என்று யாராவது நினைத்தால் அவர்களுக்கு ராஜம்மாவைத் தெரியாது. அது கோபம். கலப்படமே இல்லாத கோபம்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் எதிர்வீடு. ஜொகூரில், ரெங்கத்தில் எங்கள் தாமான் குடியிருப்பில் பதினெட்டு வருஷமாகத் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருக்கிறேன். மிஷின் ஜன்னல் ஓரமாகத்தான் இருக்கிறது. வெளிச்சத்துக்காக என்று சொல்லிக்கொள்வேன், அது பாதி உண்மை. யார் இளைத்தாள், யார் பெருத்தாள், யாருக்கு நாலாவது மாதம் என்பதெல்லாம் அவரவர் சொல்லுமுன் என் அளவு நோட்டுக்குத் தெரிந்துவிடும். அந்த நோட்டில் இல்லாதவள் ராஜம்மா ஒருத்திதான். அளவெடுக்க விடமாட்டாள். பழைய ரவிக்கையைத் தூக்கிப் போட்டு, "இத மாதிரியே தச்சுக் குடு டைலரம்மா, என்னைத் தொட்டுத் தடவுற வேலையெல்லாம் வச்சுக்காத" என்பாள். இடுப்பில் எப்போதும் ஒரு வெள்ளைத் துணிக்கட்டு இருக்கும். சாரோங்குக்கு மேலே ஒரு விரல் அகலம் தெரியும். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய பழைய ஆட்கள் முதுகுவலிக்குக் கட்டுகிற கட்டு என்று ஊர் நினைத்திருந்தது. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

அந்த வீட்டில் மூன்று பேர். ஐயாசாமி எண்ணெய்ப்பனை ஆலையில் வேலை செய்கிறான். வாயில்லாத மனுஷன். இரண்டு பெண்களுக்கு நடுவில் இருபத்தைந்து வருஷம் வாழ்ந்தால் யாருக்கும் வாய் இருக்காது. அவன் மனைவி புஷ்பவள்ளிக்கு நாற்பத்தேழு வயது. அவன் அக்கா ராஜம்மாவுக்கு அறுபத்தெட்டு. தாய் செத்த பிறகு தம்பியைத் தூக்கி வளர்த்தவள். முதலாளி தோட்டத்தை விற்று லயத்து வீடுகளை இடித்தபோது இரண்டு பிள்ளைகளோடும் ஒரு டிரங்குப் பெட்டியோடும் இங்கே வந்தாள். பிள்ளைகள் வளர்ந்து வேலைக்கு வெளியூர் போய்விட்டார்கள். மகள் லோஷினி ஜொகூர் பாருவில் அறை எடுத்துத் தங்கி, தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறாள். சனி ஞாயிறுதான் வீட்டில் இருப்பாள்.

வீட்டு வாசலில் இடியாப்ப வியாபாரம். விடியுமுன்னே மாவைச் சுடுதண்ணீர் விட்டுக் கிளறி, சூடு ஆறுவதற்குள் அச்சில் போட்டுப் பிழிய வேண்டும். ஆறினால் மாவு இறங்காது. மர அச்சின் மேல்பிடியை வயிற்றோடு அணைத்து உடம்பு முழுவதையும் போட்டு அழுத்துவாள் புஷ்பவள்ளி. ராஜம்மா தேங்காய் துருவுவாள். ஒருத்தி பிழிய, ஒருத்தி துருவ, இரண்டு பேரும் சண்டை போட, ஏழு மணிக்குள் நூற்றைம்பது இடியாப்பம் தாளில் மடிக்கப்பட்டிருக்கும். சண்டை இல்லாத நாளில் இடியாப்பம் சரியாக வரவில்லை என்று வாடிக்கைக்காரர்கள் கிண்டல் செய்வார்கள்.

ஆறு வருஷமாகப் புஷ்பவள்ளிக்கு மாதத்தில் இருபது நாள் உதிரப்போக்கு. கர்ப்பப்பையில் கட்டி. கறுப்புச் சாரோங் தவிர வேறு எதுவும் உடுத்தமாட்டாள். பிழிந்துகொண்டே இருப்பாள், திடீரென்று அச்சை விட்டுவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொள்வாள். போன ஆகஸ்டில் இட்லிப் பானையின் ஆவியிலேயே மயங்கி விழுந்தாள். அப்போது இரண்டு பை ரத்தம் ஏற்றினார்கள். மாத்திரை, ஊசி எல்லாம் பார்த்து, கடைசியில் எடுத்துவிடுவதுதான் வழி என்று டாக்டர் சொன்னார்.

நவம்பர் மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு சாயங்காலம் தைத்த ரவிக்கையைக் கொடுக்கப் போனேன். முன்கூடத்தில் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஆஸ்பத்திரித் தாள்.

"எத்தன நாளு படுப்ப?" என்று கேட்டாள் ராஜம்மா.

"ஆஸ்பத்திரியில நாலு நாளு. வீட்டுல ஆறு வாரம் அண்ணி. பாரம் தூக்கக் கூடாது, குனிஞ்சு கூட்டக் கூடாது. உள்ள தையல் போட்டிருப்பாங்களாம். நம்ம பாட்டுக்குத் தூக்கினா உள்ளுக்குள்ளயே விட்டுப் போயிருமாம்."

"ஆறு வாரம்." ராஜம்மா அந்தச் சொல்லை வாயில் போட்டு மென்றாள். "பிள்ள பெத்தவளுக்கே முப்பது நாளுதான் பத்தியம். நீ என்னாத்தப் பெக்கப் போற? கட்டிய. கட்டிக்கு ஆறு வாரமா?"

"டாக்டர் எழுதியிருக்காங்க லா அண்ணி. நானா எழுதினேன்?"

"நான் ஆறு பெத்தேன். ரெண்டுதான் தங்குச்சு. ஒண்ணுக்காச்சும் ஆறு வாரம் படுத்தேனான்னு கேளு. கடைசிக்காரன் பொறந்து பன்னெண்டாம் நாளு காலையில பெரட்டுல போயி நின்னேன். பேரு கூப்பிடறப்ப ஆளு இல்லைன்னா பேர வெட்டிருவேன்னான் மண்டோரு. பிள்ளைய ஆயாக் கொட்டாயில போட்டுட்டுக் காண்டா தூக்கினேன். தோள்ல கம்பு, ரெண்டு பக்கமும் பால் வாளி, மேடும் பள்ளமும். எனக்கு யாரு பேப்பரு எழுதிக் குடுத்தா?"

"அதுக்கு நான் என்னா பண்ணட்டும்? நானா மண்டோரு?"

"வாய் மட்டும் கொறைச்சல் இல்ல. ஒடம்புல ரத்தம் இல்ல, வாயில இருக்கு."

"தலவலியும் காச்சலும் தனக்கு வந்தாத்தான் அண்ணி தெரியும்."

ராஜம்மா எழுந்து நின்றாள். எழுந்திருக்கும்போது எப்போதும்போல இரண்டு தொடையையும் சேர்த்து இடுக்கி, நாற்காலிக் கையைப் பிடித்து ஒரு பக்கமாக எழுந்தாள். "சரி, நீ மகாராணி. ஆறு வாரம் கட்டில்ல படு. நான் ஒனக்கு ஆயா. ஆனா ஒண்ணு கேட்டுக்க டைலரம்மா, உள்ள இருக்கறத எடுத்துட்டா பொம்பள வெத்துப் பானதான். தட்டினா சத்தம் வரும், அவ்வளவுதான்."

"எடுக்கலைன்னா சத்தமே வராது. செத்துப் போயிருப்பேன்" என்றாள் புஷ்பவள்ளி.

நான் ரவிக்கையை வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டேன். ஓடி வந்து ஜன்னலில் உட்கார்ந்துகொண்டேன் என்பது வேறு விஷயம். ஆனால் அன்றைக்கே ஒரு பயம் எனக்குப் பிடித்துக்கொண்டது. ஆபரேஷன் நடந்துவிடும், அதற்கு ஆஸ்பத்திரி இருக்கிறது. அந்த ஆறு வாரம் இந்த வீட்டில் அவளுக்குக் கிடைக்குமா?

ஆஸ்பத்திரியில் சேரும் நாளில் என் பழைய காரில்தான் குளுவாங்குக்குப் போனோம். புறப்படும்போது புஷ்பவள்ளி விபூதி பூச சாமி அறைப் பக்கம் போனாள்.

"தீட்டோட உள்ள கால வைக்காத" என்று ராஜம்மா அடுப்படியில் இருந்தே கத்தினாள்.

"கடைசித் தீட்டு அண்ணி. நாளையிலேருந்து நீங்க எனக்கு இத சொல்ல முடியாது" என்று புஷ்பவள்ளி வாசலில் இருந்தே கும்பிட்டுவிட்டு வந்து காரில் ஏறினாள். ராஜம்மா வெளியே வரவில்லை. தேங்காய் துருவுகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்த நேரத்தில் யாருக்குத் தேங்காய் என்று தெரியவில்லை.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. உரித்த தேங்காய் அளவுக்குக் கட்டி இருந்தது என்று டாக்டரம்மா கையை விரித்துக் காட்டினாள். சின்ன வயசு மலாய்க்காரப் பெண், சிரித்த முகம். ஐயாசாமி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். "இத வச்சுக்கிட்டா அவ இவ்வளவு நாளு பிழிஞ்சா?" என்று என்னிடம் கேட்டான். ஆறு வருஷமாக அவனுக்கு இந்தக் கேள்வி வரவில்லை என்பதில் எனக்கு எரிச்சல்தான்.

நாலாம் நாள் வீட்டுக்கு வந்தாள். தொப்புளுக்குக் கீழே நெடுக்காக வெட்டு, மேலே வெள்ளைப் பட்டை. லோஷினி ஞாயிறு வரை இருந்தாள். புறப்படும் முன் அத்தைக்குப் பாடம் நடத்தினாள்.

"அத்த, தையல்ல தண்ணி படக்கூடாது. காஞ்சே இருக்கணும். எண்ணெய் கிண்ணெய் தடவாதீங்க. மருத்துவச்சி பிடானக் கூட்டியாந்து வயித்த உருவி விடுறேன்னு ஆரம்பிச்சிராதீங்க. புரியுதா?"

"நீ பொறந்தப்ப ஒன் தொப்புள் கொடிக்கு மருந்து வச்சவ நான். எனக்குச் சொல்லித் தர வந்துட்டா."

"புரியுதா இல்லையா?"

"புரியுதுடி. போ. பாலம் ஜாம் ஆயிரும்."

ஐயாசாமியின் லீவும் முடிந்தது. திங்கட்கிழமையிலிருந்து பகலில் அந்த வீட்டில் இரண்டு பெண்கள் மட்டும். வியாபாரத்தை ஆறு வாரம் நிறுத்தலாம் என்று ஐயாசாமி சொன்னதற்கு ராஜம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "ஏன், நான் செத்துட்டனா?" என்றாள். அரிசி வாளியைத் தூக்கினாள், மாவைக் கிளறினாள், அச்சை வயிற்றில் வைத்து அழுத்தினாள். அறுபத்தெட்டு வயதில். படுத்திருப்பவளுக்குக் கேட்க வேண்டும் என்றே ஒவ்வொரு பாத்திரத்தையும் ஓங்கி வைத்தாள். கட்டியைப் பெற்றவளுக்குப் பத்தியம் கிடையாது என்று முதல் நாளே கருவாட்டுச் சம்பல் வைத்தாள். புஷ்பவள்ளி அதைத் தொடாமல் திருப்பி அனுப்பினாள். அடுத்த வேளையும் அதே சம்பல்தான் வந்தது.

இனிச் சொல்வது புஷ்பவள்ளி பிறகு எனக்குச் சொன்னது. செவ்வாய்க்கிழமை அவளுக்கு இருமல் வந்திருக்கிறது. வயிற்றைத் தலையணையால் அழுத்திக்கொண்டு இருமச் சொல்லியிருந்தார்கள். தலையணை கீழே விழுந்துவிட்டது, குனிந்து எடுக்க முடியவில்லை. இருமி இருமி, "ஐயோ, எல்லாம் கீழ விழுந்துரும் போல இருக்கே" என்று கத்தியிருக்கிறாள். ராஜம்மா தேங்காய்க் கையோடு வந்து வாசலில் நின்றாளாம். திட்டப் போகிறாள் என்று இவள் பார்த்தால், தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து ஒரு பழைய வெள்ளைத் துணிச் சுருளோடு வந்தாள்.

"எந்திரி. நில்லு."

"என்னா அண்ணி இது? டாக்டர் கட்டச் சொல்லலியே."

"டாக்டருக்கு என்னா தெரியும்? விழுந்தது அவளுக்கா?"

இடுப்பிலிருந்து ஆரம்பித்து வெட்டுக் காயத்தின் மேலேயே சுற்றுச் சுற்றாகப் போட்டு, முழங்காலைக் கட்டிலில் ஊன்றி இழுத்து இறுக்கினாளாம். "மூச்சப் பிடி. இறுக்கினாத்தான் நிக்கும். அவுத்தேன்னு வையி, கைய ஒடிப்பேன்." முடிச்சை முதுகுப் பக்கம் போட்டாள், இவள் கைக்கு எட்டாத மாதிரி. சொல்லக் கூடாது, முதல் நாள் சுகமாகத்தான் இருந்தது என்றாள் புஷ்பவள்ளி. யாரோ தாங்கிப் பிடித்த மாதிரி இருந்ததாம்.

வியாழக்கிழமை நான் விரால் மீன் சூப் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். வெட்டுக்காயத்துக்கு எங்கள் பக்கம் விராலை விட்டால் வேறு மருந்து சொல்லமாட்டார்கள். அறைக்குள் போனதும் வாடை அடித்தது. மூன்று நாள் மழை, துணி காயாத புழுக்கம், வியர்வை. அது மட்டும் இல்லை. அவள் நெற்றியைத் தொட்டேன், கொதித்தது. போர்வையை விலக்கினால் வெள்ளைத் துணியில் மஞ்சளாக ஒரு கை அகலத்துக்கு ஊறியிருந்தது.

"இத யாரு கட்டினா?"

"அண்ணி." அவள் பல் தந்தியடித்தது.

முடிச்சு அவிழவில்லை. பதினெட்டு வருஷமாக முடிச்சுப் போட்டு அவிழ்க்கிற என் கைக்கே அது அசையவில்லை. அப்படியே காரில் போட்டு ஓட்டினேன். அவசரப் பிரிவில் நர்ஸ் மிஸ்ஸி கத்தரியால் துணியை நெடுக வெட்டி மஞ்சள் குப்பைத் தொட்டியில் போட்டாள். உள்ளே இரண்டு இடத்தில் காயம் வாய் பிளந்திருந்தது. டாக்டரம்மாவின் சிரிப்பு போய்விட்டது. "சியாப்பா இக்காட்?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். யார் கட்டியது என்ற அந்தக் கேள்விக்கு நானே கட்டிய மாதிரித் தலையைக் குனிந்துகொண்டேன்.

எட்டு நாள் வார்டில் கிடந்தாள். தினமும் காயத்தைத் திறந்து கழுவினார்கள். அவள் போட்ட சத்தம் வராந்தா வரை கேட்டது. ஆறு வாரத்தை மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

சேதி கேட்டு லோஷினி வேலையை விட்டுவிட்டு ஓடி வந்தாள். நானும் அந்த வீட்டில்தான் இருந்தேன்.

"வேணும்னுதானே பண்ணீங்க? அம்மா செத்தா ஒங்களுக்கு நிம்மதி. சொல்லுங்க அத்த, வேணும்னுதானே?"

"ஆமாண்டி. கொல்லத்தான் கட்டினேன். போ, போலீசுக்குப் போ."

"அலாமாக், பேச்சப் பாருங்க! அப்பா, நீங்க ஒண்ணும் கேக்க மாட்டீங்களா?"

ஐயாசாமி தரையைப் பார்த்துக்கொண்டு, "ஏன்கா இப்படிப் பண்ண?" என்றான். அவ்வளவுதான். லோஷினி கத்தியதற்கெல்லாம் பதிலுக்குப் பதில் கொடுத்த ராஜம்மா அதைக் கேட்டதும் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை அவள் என் வீட்டுக் கேட்டில் வந்து நின்றாள். பதினெட்டு வருஷத்தில் அவளாக என் வாசலுக்கு வந்தது விரல் விட்டு எண்ணக்கூடிய தடவைதான்.

"டைலரம்மா. அந்தத் துணி எங்க?"

"வெட்டிக் குப்பையில போட்டுட்டாங்க."

"முழுசுமா?"

"முழுசும்தான். வேணும்னா ஆஸ்பத்திரிக் குப்பையில போயி தேடுங்க."

கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கிழவிக்குப் பழந்துணி மேல் இத்தனை ஆசையா, அங்கே ஒருத்தி சாகக் கிடக்கிறாள் என்று எனக்கு உச்சந்தலை வரை ஏறியது.

"காடாத் துணி இருந்தா ஒரு எட்டு முழம் குடேன்."

"இன்னும் யாரக் கட்டிக் கொல்லப் போறீங்க? எங்கிட்டத் துணி கிடையாது."

என் முதுகுக்குப் பின்னால் மேசை மேல் காடாத் துணி பீஸ் பீஸாக இருந்தது. அவள் அதைப் பார்த்தாள். நான் அதை மறைத்து நின்றதையும் பார்த்தாள். திரும்பி, தொடையை இடுக்கி இடுக்கி ரோட்டைத் தாண்டிப் போனாள். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது.

புஷ்பவள்ளி திரும்பி வந்த பிறகு அந்த வீட்டில் சண்டைகூட இல்லை. சண்டையாவது பரவாயில்லை என்று தோன்றும்படி இருந்தது. அறைக்கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு படுத்தாள். ராஜம்மா சமைத்ததைத் தொடமாட்டாள். நான் கொண்டு போனதையும், ஐயாசாமி வாங்கி வரும் பொட்டலத்தையும் சாப்பிட்டாள். ராஜம்மா ஒவ்வொரு வேளையும் சோற்றைப் போட்டு அவள் கதவுக்கு வெளியே வைப்பாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே எடுத்து அவளே தின்பாள். கருவாட்டுச் சம்பல் வைக்கிறதில்லை. பருப்பு ரசமும் பூண்டுக் குழம்புமாக இருந்தது, பத்தியச் சாப்பாடு. விஷம் வைத்திருப்பாள் என்றாள் புஷ்பவள்ளி. பாதி விளையாட்டு, பாதி நிஜம்.

இடியாப்பம் மட்டும் நிற்கவில்லை. ஆனால் எண்ணிக்கை குறைந்தது. நூற்றைம்பது நூறாகி, அறுபதாகியது.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் காலை எட்டு மணி இருக்கும். மழை விட்டு வெயில் சுள்ளென்று அடித்தது. யாரோ தட்டை எடுத்து இரும்புக் கேட்டில் படபடவென்று அடித்தார்கள். எட்டிப் பார்த்தால் புஷ்பவள்ளி. ஒரு கை வயிற்றில், ஒரு கையில் தட்டு.

"வாசுகிக்கா, ஓடியாங்க! அண்ணி பாத்ரூம்ல கிடக்கிறாங்க. என்னால தூக்க முடியாது, தூக்கக் கூடாது, நீங்க வந்து தூக்குங்க!"

பின்பக்கக் குளியலறையில் ஊறவைத்த அரிசி வாளி கவிழ்ந்து, தரை முழுக்க அரிசி. அதன் நடுவில் சுவரில் சாய்ந்து காலை அகட்டி உட்கார்ந்திருந்தாள் ராஜம்மா. எங்களைப் பார்த்ததும் சாரோங்கை இழுத்து மூடப் பார்த்தாள், முடியவில்லை.

"போங்கடி வெளிய. ரெண்டு பேரும் போங்க. நான் எந்திரிச்சுக்குவேன்."

பத்தேக் சாரோங் ஒன்றைக் கிழித்து இடுப்பில் சுற்றி, காலிடுக்கில் கொடுத்துக் கட்டியிருந்தாள். வழுவழுப்பான துணி, நழுவி முழங்காலில் கிடந்தது. தொடைகளுக்கு நடுவில் ஒரு கைமுட்டி அளவுக்குச் சிவப்பாக ஏதோ தொங்கியது. முதலில் எனக்குப் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. அவளுடைய கர்ப்பப்பை. வெளியே கிடந்து கிடந்து தோல் காய்த்து, உரசிய இடத்தில் புண்ணாகி இருந்தது.

என் மேசையில் அடுக்கி வைத்த காடாத் துணி கண் முன்னால் வந்தது. பாவி நான், எட்டு முழம் துணி.

புஷ்பவள்ளிதான் கேட்டாள்.

"எத்தன வருசமா அண்ணி?"

"ஒனக்கு என்னா?"

"எத்தன வருசமா?"

"காண்டா தூக்கின நாள்லேருந்து. பன்னெண்டாம் நாளு மேடு ஏறுறப்ப எறங்குச்சு. உள்ள தள்ளிக் கட்டிக்கிட்டு மிச்ச மரத்தையும் வெட்டிட்டுத்தான் வந்தேன். கட்டினா நிக்கும். கட்டினா ஒண்ணும் இல்ல."

"அப்ப எனக்குக் கட்டின துணி..."

"புதுத் துணி நழுவும். பழகின துணிதான் நிக்கும். எல்லாம் விழுந்துரும்னு நீதானடி கத்தின? எனக்கு அது தெரியும். விழுந்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்."

கட்டிப்பிடித்து அழுவார்கள் என்று நான் எதிர்பார்த்தேன். இந்த வீட்டில் அப்படி எதிர்பார்த்தது என் தப்பு. புஷ்பவள்ளிக்கு வந்தது கோபம். இந்த வீட்டில் நான் கேட்ட சத்தத்திலேயே அதுதான் பெரிய சத்தம்.

"சொல்லித் தொலைக்கிறதுக்கு என்னா? இருவத்தஞ்சு வருசமா ஒரே வீட்டுல இருக்கேன்! எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா வாயி வெந்துருமா? இத வச்சுக்கிட்டு அரிசி வாளி தூக்குறீங்க, அச்சு அமுத்துறீங்க, என்னைய வேற பேசுறீங்க!"

"யாருகிட்டச் சொல்ல? மண்டோருகிட்டயா?"

"அந்த மண்டோரு செத்து இருவது வருசம் ஆச்சு அண்ணி!"

வயிறு வலித்திருக்க வேண்டும், அவள் கதவில் சாய்ந்தாள். ராஜம்மா, "கத்தாத, தையல் விட்டுப் போயிரும்" என்றாள்.

நான் வீட்டுக்கு ஓடிக் காடாத் துணியை வெட்டிக்கொண்டு வந்தேன். ராஜம்மா பழகிய கையால் தன்னைத் தானே உள்ளே தள்ளிக்கொண்டாள். பல்லைக் கடித்தாள், முனகவில்லை. நான் கட்டினேன். அன்றுதான் அவள் இடுப்பை முதன்முதலாகத் தொட்டேன். இருபத்து நாலு அங்குலம்தான் இருந்தது, சின்னப் பெண் மாதிரி. நோட்டில் எழுதவில்லை.

"கார்ல ஏறுங்க" என்றாள் புஷ்பவள்ளி.

"எங்க?"

"எங்கன்னு தெரியாதா? எனக்கும் இன்னிக்குக் காயம் பாக்கணும். ஏறுங்க."

"ஆம்பள டாக்டர் இருந்தா நான் எறங்கி வந்துருவேன்."

"எறங்கிப் பாருங்க. கால ஒடிக்கிறேன்."

குளுவாங் போகும் வரை இரண்டு பேரும் பின்சீட்டில் ஆளுக்கொரு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்கள். ரோட்டின் இரண்டு பக்கமும் எண்ணெய்ப்பனை. அங்கே ஒரு காலத்தில் பால் மரம் நின்றது. ராஜம்மா அதைப் பார்க்கவே இல்லை, தன் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதே டாக்டரம்மாதான் இருந்தாள். புஷ்பவள்ளியின் காயத்தைப் பார்த்து நன்றாக மூடி வருகிறது என்றாள். அப்புறம் ராஜம்மாவைத் திரைக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனாள். வெளியே வந்தபோது டாக்டரம்மாவின் முகம் ஒரு மாதிரி இருந்தது. எத்தனை காலமாக என்று மலாயில் கேட்டாள். ராஜம்மாவுக்கு மலாய் தண்ணீர் பட்ட பாடு, ஆனால் அவள் தமிழில்தான் எங்களைப் பார்த்துச் சொன்னாள்.

"கடைசிக்காரனுக்கு இப்ப முப்பத்தாறு வயசு. அதுல பன்னெண்டு நாளக் கழிச்சுக்கச் சொல்லு."

புஷ்பவள்ளி சொன்னாள். டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

முதலில் புண்ணை ஆற்ற வேண்டும், பிறகு ஆபரேஷன் செய்து எடுத்துவிடுவது நல்லது, பயப்பட வேண்டாம் என்று நிதானமாகச் சொன்னாள். யார் கட்டியது என்ற பழைய விசாரணையை அவள் கிளப்பவில்லை. வெள்ளைத் துணியைப் பார்த்தபோதே அவளுக்கும் விளங்கியிருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் ராஜம்மா தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள். வெத்துப் பானை என்று சொல்வாளோ என்று நான் பார்த்தேன், சொல்லவில்லை. டாக்டரம்மா எழுத ஆரம்பித்ததும் புஷ்பவள்ளியின் முழங்கையை இடித்தாள்.

"என்னா?"

"ஒனக்குக் குடுத்தாங்களே ஒரு பேப்பரு. ஆறு வாரம்னு."

"ஆமா, அதுக்கு?"

"எனக்கும் அத எழுதிக் குடுப்பாங்களான்னு கேளு."

"ஒங்களுக்குத்தான் மலாய் தெரியுமே, நீங்களே கேளுங்க."

"நான் கேக்க மாட்டேன். நீ கேளு."

புஷ்பவள்ளி அவளையே பார்த்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் குரலில் ஒரு சொட்டு இல்லை. டாக்டரம்மா பக்கம் திரும்பி மலாயில் ஏதோ கேட்டாள். டாக்டரம்மா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினாள்.

"எட்டு வாரமா எழுதச் சொல்லியிருக்கேன்" என்றாள் புஷ்பவள்ளி. "வாய மூடிக்கிட்டு உக்காருங்க."